பதினாறு அவுன்ஸ் சந்தேகம்

மனைவி நெனிதாவின் பைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த செல்சோவின் விரல்களில் ஏதோ தட்டுப்பட்டது. மெத்தென்று இருந்தது. தொட்டால் வழுக்கியது. பன்றித் தலையின் கன்னத்தைத் தடவியது போலிருந்தது.

குளியலறையில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நெனிதாவின் குளியல் மொத்தம் இருபது குவளை. இதுவரை எட்டுதான் ஆகியிருந்தது. செல்சோ துணிந்து பொருளை வெளியே இழுத்தான்.

சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடி குத்துச்சண்டைக் கையுறை.

செபு நகரத்து மால் ஒன்றின் வாசலில் பதினேழு வருடங்களாகக் காவல் நிற்பவன் செல்சோ. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரின் பையையும் திறக்கச் சொல்லி, ஒரு குச்சியால் கிளறிப் பார்த்து அனுப்புவது அவன் வேலை. கிளறிக் கிளறி, பையைப் பார்த்தே ஆளை எடைபோடும் வித்தை தனக்குக் கைவந்துவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு. வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் நெனிதா, மாலையில் வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனதும் ஒரு தரம் துழாவிவிடுவான். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அகப்பட்டதெல்லாம் கருவாட்டுச் செதிலும் ஜெபமாலையும் இருமல் மிட்டாயும்தான். ஆனாலும் துழாவாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

கையுறையை மூக்கருகே கொண்டுபோனான். வெங்காயம், குழந்தைப் பவுடர், மோட்டார் எண்ணெய், கோழித் தீவனம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வாசனை வந்தது. கருவாட்டு வாடை மட்டும் துளிகூட இல்லை. 'பல இடத்தில் புழங்குகிற ஆள். பைக்குள் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது' என்று முடிவுகட்டினான். மணிக்கட்டில் 16 என்று வெள்ளை எழுத்து. ஷூவுக்கு இருப்பதுபோல நீளமான லேஸ். கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, பதினெட்டாவது குவளையில் அதை இருந்த இடத்திலேயே வைத்தான்.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"சந்தையில இன்னிக்கு என்ன விசேஷம், நெனி?"

"கணவாய்க் கருவாடு வந்த வேகத்துல போயிடுச்சு."

"வேற?"

"வேற என்ன? புருனோ கடையில கறி விலை ஏறிடுச்சு."

"யாரு புருனோ?"

"எதிர்க்கடை பன்றிக்கறி புருனோ. பதினெட்டு வருஷமா எதிர்லதான இருக்கான்? புதுசாக் கேக்குற!"

"பை கனமா இருந்துச்சோ? தோளைத் தேச்சுக்கிறியே."

நெனிதா மீன் முள்ளைப் பொறுமையாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"எப்பவும்போலத்தான்."

அன்று துழாவியும் செல்சோவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் விளையாட்டுச் சாமான் விற்கும் தாக்கியோவின் கடைக்குப் போனான். தாக்கியோ ஒரு காலத்தில் மேடையேறிக் குத்துச்சண்டை போட்டவர். அதற்குச் சாட்சியாக அவருடைய மூக்கு இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. செல்சோ கைபேசிப் படத்தை நீட்டினான்.

"நண்பன் ஒருத்தனுக்காகக் கேக்குறேன் பெரியவரே. இந்தப் பதினாறுங்கிறது என்ன, அளவா?"

"எடை, தம்பி. பதினாறு அவுன்ஸ். உன் நண்பன் எண்பது கிலோவுக்கு மேல இருப்பானே?"

நெனிதா நாற்பத்தொன்பது கிலோ. போன மாதம்தான் அரிசி மண்டித் தராசில் ஏறிப் பார்த்தாள்.

"நாப்பத்தொன்பது கிலோ ஆளு இதைப் போடலாமா?"

"தாராளமாப் போடலாம். ரெண்டு கையிலயும் பலாப்பழத்தை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். இது கனத்த ஆளுங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் உடைக்காம மோதிப் பழகறதுக்கு உள்ளது."

"இந்த லேஸ் எதுக்கு?"

"மணிக்கட்டுல கச்சிதமா நிக்கும். ஆனா ஒரு சங்கடம் இருக்கு." தாக்கியோ இரண்டு முஷ்டிகளையும் தூக்கிக் காட்டினார். "தனியாக் கட்டிக்க முடியாது. ஒரு கையை எப்படியோ கட்டிட்டேன்னு வை, அடுத்த கையைக் கட்ட விரல் ஏது? இன்னொரு ஆள் வேணும்."



"இன்னொரு ஆளுன்னா?"

"கிட்ட வந்து நின்னு, கையைப் பிடிச்சு, மெல்ல மெல்ல இழுத்துக் கட்டிவிடற ஆளு. நம்பிக்கையான ஆளா இருக்கணும் தம்பி."

"இங்க பக்கத்துல எங்க இதெல்லாம் பழகுவாங்க?"

"ஒரே இடம்தான். சந்தைக்குப் பின்னாடி ஐஸ் கம்பெனி மாடியில, பெர்னாபேயோட பயிற்சிக்கூடம்."

சந்தைக்குப் பின்னால். நெனிதாவின் கடையிலிருந்து நூறு அடி தூரம். எண்பது கிலோவுக்கு மேல். செல்சோ மனக்கண்ணில் எதிர்க்கடைப் புருனோவைத் தராசில் ஏற்றினான். முள் தொண்ணூறைத் தாண்டிப் போய் நின்றது.

நேரே ஐஸ் கம்பெனிக்குப் போய், வேவு பார்க்க மாடிப்படியில் பூனைபோல ஏறினான். பாதிப் படியிலேயே ஒரு கை அவன் தோளைப் பிடித்தது.

"வாங்க வாங்க! சேர வந்தீங்களா?"

பயிற்சியாளர் பெர்னாபே. குள்ளமான, சிரித்த முகமுள்ள ஆள். 'இல்லை' என்று சொன்னால், பிறகு எதற்கு வந்தாய் என்று கேட்பார்.

"ஆமா" என்றான் செல்சோ.

"பாத்தியா லிலிங், இன்னொருத்தர்! ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இங்க பல்லிங்கதான் பயிற்சி எடுத்துச்சு அண்ணே. இப்பப் பாருங்க, கடவுள் புண்ணியம்!"

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெர்னாபேயின் மனைவி லிலிங், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்துப் பேரை எழுதிக்கொண்டாள். எதற்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை.

உள்ளே ஒரு டசன் ஆட்கள் கூரையிலிருந்து தொங்கிய மூட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. குத்துக்கு நடுவே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். குத்துச்சண்டைக்காரர்களுக்கு அது வழக்கம்போலும் என்று செல்சோ எண்ணினான். அப்போதுதான் கடைசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய முதுகு தெரிந்தது.

புருனோ!

"கிளவுஸ் எங்க அண்ணே?" என்றார் பெர்னாபே.

"கிளவுஸ் கொண்டு வரணுமா?"

"பொது ஜோடி ஒண்ணு இருக்கு. ஆனா அதை மோந்து பாத்தவன் யாரும் மறுநாள் வந்ததில்ல. சொந்தமா வாங்கிடுங்க."

செல்சோ மறுபடி தாக்கியோவிடம் ஓடினான். கிழவர் அவன் உள்ளங்கையை ஒரு நாடாவால் சுற்றி அளந்தார்.

"உன் நண்பன் எத்தனை கிலோ?"

"அறுபத்தெட்டு."

"இப்பத்தான நாப்பத்தொன்பதுன்ன."

"இது வேற நண்பன்."

"சரி. புதுசாப் பழகறவனுக்குப் பதினாலு அவுன்ஸ் நல்லது. லேஸ் வேண்டாம், ஒட்டுப்பட்டை வெச்சது எடு. தானே மாட்டிக்கலாம், தானே கழட்டிக்கலாம். முதல்ல கையில துணிப்பட்டையைச் சுத்திட்டு அப்புறம் போட்டுப் பாரு. விரல் நுனி முன்னாடி லேசாத் தொடணும், மடங்கக் கூடாது."

யாராவது பையை எடுத்துத் தானாகவே திறந்துகாட்டினால் அதைத்தான் இன்னும் ஆழமாகக் கிளற வேண்டும். பதினேழு வருடத்தில் செல்சோ கற்றது இது. கடைக்காரன் வலியச் சொல்லும் யோசனைக்கு நேர் எதிராகச் செய்தால் ஏமாற மாட்டோம். தவிர, பதினாலு அவுன்ஸ் சாப்பாட்டுப் பையில் அடங்காது. நெனிதா கண்ணில் பட்டுவிடும். கண்ணாடிப் பெட்டியில் இருந்ததிலேயே சின்ன ஜோடியைக் காட்டினான்.

"எட்டு அவுன்ஸா? அது பந்தய நாள்ல போடறது தம்பி. அதைப் போட்டு மூட்டையைக் குத்தினா மூட்டைக்கு ஒண்ணும் ஆகாது."

"பரவாயில்ல."

"துணிப்பட்டையாவது வாங்கிக்க."

"காயமில்லாத கைக்குக் கட்டு எதுக்கு?"

"கட்டினா காயமில்லாமலே இருக்கும்."

செல்சோ கிழவரின் தந்திரத்தை மெச்சிக்கொண்டு எட்டு அவுன்ஸோடு வெளியேறினான்.

மறுநாள் புருனோவைக் கண்காணித்தபடியே அரைமணி நேரம் மூட்டையைக் குத்தினான். அதற்கு மறுநாள் காலை வலது கை அவித்த பன்போல உப்பியிருந்தது. மால் வாசலில் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. இடக்கையால் கிளறப்போய் ஒரு பெண்மணியின் முட்டைப் பெட்டியில் மூன்று முட்டைகள் உடைந்தன. வேறு வழியில்லாமல் எல்லோரையும் கையசைத்து உள்ளே அனுப்ப ஆரம்பித்தான்.

மேற்பார்வையாளர் வந்து நின்றார். "என்ன செல்சோ, திடீர்னு மனுஷங்களை நம்ப ஆரம்பிச்சிட்டியா? உடம்பு சரியில்லையா?"

வீட்டில் நெனிதா கையைப் பார்த்துவிட்டாள்.

"கையில என்ன?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"எந்தக் கதவு?"

"மால் கதவு."

"அது கண்ணாடிக் கதவாச்சே, ஆளைக் கண்டா தானாத் திறக்குமே?"

"அதான் நெனி, நானும் எதிர்பார்க்கல."

நெனிதா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவள் குளிக்கப் போனதும் அவன் இடக்கையாலேயே பையைத் துழாவினான். கருவாட்டுச் செதில், ஜெபமாலை, இருமல் மிட்டாய். சிவப்புக் கையுறையைக் காணோம்.

தடயத்தை அழித்துவிட்டாள்!

குற்றம் நடந்த விதம் தெரிய வேண்டுமானால் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த லேஸைப் பயிற்சிக்கூடத்தில் எவன் கட்டிவிடுகிறான்? தானும் அதேபோல ஒரு ஜோடியைக் கொண்டுபோய் நீட்டினால், பழகிய கை தானாக முன்னால் வரும். வீக்கம் வடிந்ததும் தாக்கியோவிடம் போனான்.

"பதினாறு அவுன்ஸ். சிவப்பு. லேஸ் வெச்சது."

"உனக்கா?"

"நண்பனுக்கு."

"நண்பனுக்கு இப்ப வீக்கம் எப்படி இருக்கு?" என்றபடி கிழவர் ஜோடியை எடுத்து வைத்தார். "நான் சொல்றதைக் கேளு, பதினாலு எடு."

"பதினாறு."

பயிற்சிக்கூடத்தில் செல்சோ அந்தச் சிவப்பு ஜோடியைப் பையிலிருந்து எடுத்ததும், கயிறு தாண்டிக்கொண்டிருந்தவன் கயிற்றை நிறுத்தினான். மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தவன் குத்த மறந்தான். புருனோவின் கழுத்து சிவந்தது. அவன் மெதுவாக நடந்து வந்தான்.

"லேஸ் வெச்சதா? நான் கட்டிவிடறேன் அண்ணே."

பழகிய கை முன்னால் வந்துவிட்டது! செல்சோ பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"புது ஜோடியா?" என்றான் புருனோ, முதல் இழுப்பை இழுத்து.

"புதுசுதான்."

"பாத்த மாதிரி இருக்கு."

"எங்க பாத்தீங்க?"

"எங்கயோ." இரண்டாவது இழுப்பு. "பகல்ல நீங்க எங்க இருப்பீங்க?"

"மால் வாசல்ல."

"நாள் முழுக்க வாசல்லயேவா? நடுவுல எங்கயும் போறதில்லையா?"

"நீங்க நாள் முழுக்கக் கடையிலயேதானா?"

"நாலு மணிக்கு மேல இருக்க மாட்டேன்."

"எங்க போவீங்க?"

"ஏன் கேக்குறீங்க?"

"நீங்க ஏன் கேட்டீங்க?"

புருனோ இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று முடிச்சுப் போட்டான். "பன்றிக் காலைக் கட்டற முடிச்சு இது. இதுவரைக்கும் எந்தப் பன்றியும் அவிழ்த்ததில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் செல்சோவுக்கு விஷயம் உறைத்தது. கட்டியவன் போய்விட்டான். கையுறை கையிலேயே இருக்கிறது. பெர்னாபே நகத்தால் நெம்பிப் பார்த்தார். பல்லால் கடித்தார். முடிச்சு நனைந்து இன்னும் இறுகியது.

"வெட்டிடுங்களேன்" என்றான் செல்சோ.

"புது லேஸை வெட்டவா? மனசு வராது அண்ணே."

லிலிங் கணக்காகச் சொன்னாள்: "வீட்டுக்காரம்மா இருப்பாங்கல்ல? அவங்களை அவிழ்த்துவிடச் சொல்லுங்க."

இரண்டு சிவப்பு முஷ்டிகளோடு செல்சோ ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் ஏறினான். கம்பியைப் பிடிக்க முடியாமல் ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்து ஆள் மடியில் போய் விழுந்தான். கட்டணத்தைக் கையில் வாங்கி வாங்கி முன்னால் கடத்தினார்கள். அவன் முறை வந்தது.

"அம்மா, கொஞ்சம் உதவி பண்ணுங்க. காசு சட்டைப் பையில இருக்கு" என்றான் எதிரில் இருந்த பெண்மணியிடம்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "நீங்க மால் வாசல்ல நிக்கிறவர்தானே? அன்னிக்கு என் முட்டையை உடைச்சீங்களே!"

செல்சோ தலையைத் தொங்கப்போட்டான். அவள் அவசரப்படவில்லை. அவன் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு நிதானமாகத் துழாவினாள். சீப்பு வந்தது. பல்குத்தும் குச்சி வந்தது. மடித்த காகிதம் ஒன்று வந்தது. அதையும் பிரித்தாள்.

"'புதன், நாலு பத்து. பு. கடையில் இல்லை. நெ. தலைசீவிப் பூ வைத்திருக்கிறாள்.' என்ன இது?"

"சாமான் பட்டியல்மா."

வண்டி முழுக்கச் சிரித்தது. ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். அடுத்தவர் விரல் தன் பைக்குள் நடமாடுவது இப்படித்தான் இருக்கும் என்பது செல்சோவுக்கு அதுவரை தெரியாது. காதெல்லாம் சுட்டது.

வீட்டுக் கதவை முழங்கையால் இடித்தான். நெனிதா திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கையுறையைப் பார்த்தாள். மோவாயை மட்டும் ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

"உள்ள வா."

நாற்காலியில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, எங்கேயோ ஒரு நுனியைத் தேடி ஒரே இழுப்பு இழுத்தாள். மூன்று முடிச்சும் ஒன்றாக அவிழ்ந்தன.

"எப்படி அவிழ்த்த?"

"இருபது வருஷமாக் கருவாட்டு மூட்டை அவிழ்க்கிறேன். இதெல்லாம் ஒரு முடிச்சா?"

"மேலதிகாரி பயிற்சி எடுக்கச் சொன்னார்" என்றான் அவனாகவே.

"நல்லதுதானே. விடாமப் போ."

அவ்வளவுதான். குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டாள். கணவன் இரண்டு கையிலும் குத்துச்சண்டைக் கையுறையோடு வீட்டுக்கு வருகிறான். ஏன், எதற்கு, எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காதவள் எல்லாம் தெரிந்தவளாகத்தான் இருக்க வேண்டும். செல்சோவுக்கு முதல்முறையாகக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது அந்த ஆணியில் பை இல்லாமல் போனால்? வெறும் ஆணியை நினைத்துப் பார்த்தான். 

வெள்ளிக்கிழமை தாக்கியோவின் கடைக்குப் போய்க் கையை நீட்டினான். கிழவர் துணிப்பட்டையை எடுத்துக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரலிடுக்குகளில் நுழைத்து, முட்டிகளின் மேல் பொறுமையாகச் சுற்றினார். பிறகு ஒட்டுப்பட்டை வைத்த பதினாலு அவுன்ஸ் ஜோடியை மாட்டிவிட்டார். விரல் நுனி முன்னால் லேசாகத் தொட்டது. மடங்கவில்லை. கைக்குள் கை இருப்பது மாதிரி இருந்தது.

"இதைத்தான் முதல் நாளே சொன்னேன்" என்றார் கிழவர். "எதுக்கு இப்பப் புத்தி வந்துச்சு?"

"ஒருத்தனை அடிக்கணும்."

"நண்பனையா?"

செல்சோ காசை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

கூடத்துக்குள் போய் நேரே புருனோவின் முன்னால் நின்றான். "மேடைக்கு வர்றீங்களா?"

"இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றான் புருனோ.

பெர்னாபே பதறினார். "அண்ணே, தொண்ணூறு கிலோவும் அறுபத்தெட்டு கிலோவும் மோதறதில்ல!" யாரும் கேட்கவில்லை. தலைக்கவசத்தை மாட்டிவிட்டு மணியடித்தார். மற்ற பன்னிரண்டு பேரும் மூட்டைகளை விட்டுவிட்டு மேடையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

முதல் குத்து புருனோவுடையது. செல்சோவின் காதோரம் காற்று போயிற்று. செல்சோ குனிந்து எழுந்து அவன் வயிற்றில் ஒன்று வைத்தான். முட்டி வலிக்கவில்லை. கிழவர் நல்லவர்தான்.

"அவளைப் பாக்கத்தானே நாலு மணிக்குக் கடையை விட்டுப் போற?" என்று இரைந்தான் செல்சோ.

"எவளை? நான் இங்கதான்யா வர்றேன்!" புருனோவின் குத்து தோளில் இறங்கியது. "நீ சொல்லு, அவளுக்கு எத்தனை நாளாப் பழக்கம்?"

"எவளுக்கு?"

"என் பொண்டாட்டிக்கு! உன் சிவப்பு ஜோடியை அவ தையல் பைக்குள்ள ஏன்யா வெச்ச?"

செல்சோ அடிக்கக் கையை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான்.

"உன் பொண்டாட்டி பையிலயா? அது என் பொண்டாட்டி பையில இருந்துச்சு! கருவாட்டுப் பையில!"

"பொய் சொல்லாத. பதினாறு அவுன்ஸ். லேஸ் வெச்சது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நானும் என் ரெண்டு கண்ணால பாத்தேன். வெங்காய வாசனை வந்துச்சு."

"எனக்கு மோட்டார் எண்ணெய் வாசனை வந்துச்சு."

கீழே நின்றிருந்த மோட்டார் டிரைசிக்கிள் ஓட்டுநர் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். "மோட்டார் எண்ணெய் எங்க வீட்டு வாசனை" என்றான் தயங்கித் தயங்கி. "என் பொண்டாட்டியோட சந்தைப் பையில போன மாசம் மூணு நாள் இருந்துச்சு."

"சிவப்பா?" என்றான் பக்கத்தில் நின்ற கோழிக்கடைக்காரன்.

"சிவப்பு."

"நாலாவது நாள் காணாமப் போச்சா?"

"நான் இங்க சேர்ந்த அன்னிக்கே காணோம்."

கோழிக்கடைக்காரன் தன் கையுறையைக் கழற்றி மேடை ஓரத்தில் வைத்தான். அவனுக்கு அடுத்தவனும் கழற்றினான். பதினாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. 

"அப்போ அது யாரோடது?" என்றார் பெர்னாபே, உண்மையிலேயே புரியாமல்.

லிலிங் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள்.

"நம்மளோடதுதான். சந்தைப் பொம்பளைங்ககிட்ட கொடுத்தனுப்பி இதுவரைக்கும் பத்தொன்பது வீட்டுக்குப் போயிட்டு வந்தாச்சு. பொண்டாட்டி பையைத் துழாவாத அஞ்சு பேர் மட்டும்தான் இன்னும் இங்க வந்து சேரல."